ஒன்றரைக் கிலோவில் மிஞ்சிய ஒரு வார்த்தை

கண் விழித்ததும் முதலில் தெரிந்தது ஒரு மூக்குத்தி. அதற்குப் பின்னால் மெல்ல மெல்ல ஒரு முகம் கூடிவந்தது. என் மனைவி கோமதி. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரி, டெட்டால் வாசனை, தலைக்கு மேலே டக்டக்கென்று சுற்றும் மின்விசிறி. கட்டிலின் கால்மாட்டில் கோமதியின் அண்ணன் சங்கரலிங்கம் ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் இன்னொரு கையில் சாத்துக்குடிப் பையுமாக நின்றார்.

கோமதி குனிந்து கேட்டாள். "நான் யாருன்னு தெரியுதா?"

தெரியாமலா? பெயர் தெரியும், ஊர் தெரியும், முந்தின நாள் எதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டாள் என்பதுகூடத் தெரியும். 'தெரியுதுளா, கொஞ்சம் தண்ணி குடு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"செத்த மூதி" என்றேன்.

குழறல் இல்லை, திக்கல் இல்லை. வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி வந்தது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வசவு இது. மூதி என்றால் மூதேவி, அதுவும் செத்துப்போன மூதேவி. அவசரத்துக்குத் தெருவில் யாரையும் சொல்லலாம். உயிரைக் காப்பாற்றிக் கட்டிலோரம் நிற்கிற பெண்டாட்டியைச் சொல்கிற வார்த்தை இல்லை.

சங்கரலிங்கம் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கீழே வைத்தார். "மாப்ள, என்ன வே இது?" என்றார். அவருக்கும் விளக்கம் சொல்லப் பார்த்தேன். அவருக்கும் அதே வார்த்தைதான் கிடைத்தது.

இந்தத் தொடரில் இதுவரை நாலைந்து இடங்களில் என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதிவிட்டேன். யாராவது நம்பித் தொலைத்திருக்கக்கூடும். இந்த வாரம் அதைச் சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

நான் விலங்கியல் வாத்தியார். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் மூளைப் பாடம் நடத்தினேன். அந்தப் பாடத்துக்கு நான் பேர்போனவன் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். வேறு யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

என் வித்தை இதுதான். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. "இது தாமிரபரணி. இந்தப் பக்கம் திருநெல்வேலி, அந்தப் பக்கம் பாளையங்கோட்டை. பெருமூளையும் இப்படித்தான்லே, ரெண்டு அரைக்கோளம். நடுவுல உள்ள ஆற்றுப்பாலம்தான் கார்ப்பஸ் கலோசம். டவுன்காரனுக்கு கோர்ட்டு வேலைன்னா பாளையங்கோட்டைக்கு வரணும். பாளையங்கோட்டைக்காரன் தேர் பாக்கணும்னா டவுனுக்குப் போகணும். அதே மாதிரி இடது மூளை வலது கையை ஆட்டும், வலது மூளை இடது கையை ஆட்டும்."

பிறகு பின்பக்கம் சிறுமூளை. கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவன் அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்பேன். அடியில் முகுளம். மூச்சும் இதயத்துடிப்பும் அதன் பொறுப்பு. நாம் தூங்கினாலும் அது தூங்காது. நெற்றிக்குப் பின்னால் முன்பகுதி. யோசிப்பது, திட்டம் போடுவது, சொல்லக்கூடாததைச் சொல்லாமல் அடக்கி வைப்பது எல்லாம் அதன் வேலை. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. "சிலருக்கு அதைச் சுமக்கிறதே வீண் சிரமம்" என்று கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொல்வேன். வருஷா வருஷம் அதே இடத்தில் அதே சிரிப்பு.

பேச்சுக்கு என்று ஓர் இடம் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே. பெயர் ஏதோ வெளிநாட்டு மருத்துவருடையது. அதிலிருந்து கேள்வி வந்து நான் பார்த்ததே இல்லை. ஆகவே முப்பது வருஷமும், "இது பரீட்சைக்கு வராதுலே, அடுத்த பக்கத்தைத் திருப்பு" என்று தாண்டிவிட்டேன்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் எனக்கு வந்துவிட்டது.

கை மரத்த காலை

அன்று காலை காப்பி டம்ளரை எடுத்தேன், வலது கை நழுவவிட்டது. தரையெல்லாம் காப்பி. தூங்கும்போது கை அடியில் மாட்டியிருக்கும் என்று முடிவு செய்தேன். கோமதி துடைக்கிற துணியோடு வந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், துணியை அப்படியே போட்டுவிட்டாள்.

"வாய் ஒரு பக்கமா இழுக்கு."

"ஒண்ணுமில்ல. நரம்பு அழுந்தியிருக்கு" என்று ஆரம்பித்து, புற நரம்பு மண்டலம் பற்றி அவளுக்கு ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன். அதாவது எடுத்ததாக நினைத்தேன். நாக்கு தடித்துப்போய் வெளியே வந்ததெல்லாம் வெறும் கொழகொழா என்று பிற்பாடு தெரிந்தது. எட்டாம் வகுப்போடு நிறுத்திய கோமதி, மூளை வாத்தியாரின் உரையை மதிக்காமல் தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். மூளையின் இடது பக்க ரத்தக்குழாயில் அடைப்பு. சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தீர்கள் என்றார் டாக்டர்.

அந்தப் புண்ணியவதிக்கு நான் கொடுத்த வெகுமதியைத்தான் மேலே படித்தீர்கள்.

தங்கமான மனுசன்

பலர் நினைப்பதுபோல எனக்குப் புத்தி மங்கவில்லை. யார் என்ன பேசினாலும் புரிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் அந்த ஒன்றுதான் வரும். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், ஜன்னலைச் சாத்து என்றாலும் அதுதான்.

பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் பாரபட்சம் இல்லாமல் கொடுத்தேன். சாம்பிள் மாத்திரை கொண்டுவந்த மருந்துக் கம்பெனிக்காரர் வாங்கினார். திருநீறு பூசிவிட்ட கோயில் குருக்கள் வாங்கினார். என்னோடு வேலை பார்த்த பழைய தலைமை ஆசிரியர் ஆப்பிள் பையோடு வந்தார். பத்து வருஷம் எனக்கு டவுனிலிருந்து வந்து சேர முடியாத முதல் பீரியடாகவே போட்டுக் கொடுத்தவர். அவரிடம் சொன்னபோது மட்டும் அது சரியான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது. "பாவம், தங்கமான மனுசன். வாயைத் திறந்து ஒரு கெட்ட வார்த்தை பேசுனவர் இல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மற்றவர்கள் வியாதி என்று எடுத்துக்கொண்டார்கள். கோமதி எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணனிடம் அவள் தாழ்வாரத்தில் சொன்னது எனக்குக் கேட்டது.

"உள்ள இருந்ததுதான வெளிய வரும்? இத்தன வருஷமா மனசுல என்னைய அப்படித்தான் வச்சிருந்திருக்காவ."

அதன்பிறகு அவள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வேளைக்கு மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், குழைய வடித்த சோறு எல்லாம் வந்தது. முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். முன்பெல்லாம் மார்க்கெட்டில் வெண்டைக்காய்க்காரியோடு நடந்த சண்டையை அரை மணி நேரம் சொல்கிறவள், இப்போது தட்டை வைப்பாள், எடுப்பாள், போய்விடுவாள். நான் செத்திருந்தால்கூட இவ்வளவு வருத்தப்பட்டிருக்கமாட்டேன். அவளிடம் 'அது உனக்குச் சொன்னது இல்லை' என்று ஒரே ஒரு வரி சொல்லவேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

படம் வரைந்து பாகங்களைக் குறி

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு யோசனை தோன்றியது. பேச முடியாவிட்டால் என்ன, படம் வரைந்து விளக்கலாமே. எழுத்தும் வரவில்லைதான், ஆனால் மூளைப் படம் கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவேன். வலது கைதான் விழுந்துவிட்டது, இடது கை இருக்கிறது. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அரை மணி நேரம் பாடுபட்டு, பெருமூளையின் மடிப்புகளை நெளிநெளியாகப் போட்டேன். கீழே முகுளத்தைத் தண்டுபோல இறக்கினேன். பேச்சுப் பகுதியைக் கறுப்பாக்கி அம்புக்குறி போட்டேன்.

கோமதியைக் கையாட்டிக் கூப்பிட்டுக் காட்டினேன். இது கெட்டுப்போய்விட்டது, அதனால்தான் இப்படி என்று அந்தக் கறுப்பைத் தட்டித் தட்டிக் காட்டினேன்.

அவள் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கிட்டே வைத்துப் பார்த்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"காலிபிளவரா? நேத்தே சொல்லியிருக்கலாம்லா."

நாங்கள் சைவக் குடும்பம். எங்கள் வீட்டில் யாரும் மூளையைக் கறிக்கடையில்கூடப் பார்த்ததில்லை. நெளிநெளியாக, தடித்த தண்டோடு இருக்கிற வஸ்து என்றால் அது காலிபிளவர்தான். நான் கறுப்பாக்கிய இடத்தைச் சொத்தை என்று எடுத்துக்கொண்டாள். "சொத்தை இல்லாததாப் பாத்துத்தான் வாங்குவேன். எனக்குத் தெரியாதா?" என்று கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மூன்று நாள் காலிபிளவர். முதல் நாள் பொரியல், இரண்டாம் நாள் கூட்டு, மூன்றாம் நாள் குழம்பு. தட்டைப் பார்த்து நான் கத்தியதைக் கேட்டு, "உப்பு கொறச்சலா?" என்று உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

ஒரு கேள்வி

அடுத்த வாரம் முதல் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி. பயிற்சி கொடுத்தது காயல்பட்டினத்துப் பெண், பெயர் பாத்திமா. வயது இருபத்தைந்துகூட இருக்காது. அவளுக்கும் முதல் வணக்கம் என் பாணியில்தான் கிடைத்தது. அவள் சிரித்தாள்.

"பரவால்ல சார். போன வாரம் ஒருத்தர் இதவிடப் பெருசா சொன்னாரு."

பிறகு கோமதியைப் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கினாள். நான் முப்பது வருஷம் தாண்டிவிட்ட பக்கத்தை அவள் ஐந்து நிமிஷத்தில் நடத்தினாள்.

"யோசிச்சுப் பேசுற பேச்சு இடது பக்கத்துல இருந்து வருது அம்மா. அங்கதான் இவங்களுக்கு அடி. ஆனா சில வார்த்தைங்க யோசிக்காம தானா வரும். பாட்டு, ஒண்ணு ரெண்டு மூணு எண்றது, சாமி பேரு, திட்டுறது. அதுக்கெல்லாம் வேற பாதை. எங்க வாப்பா சவுதியில இருந்து போன் பண்ணா எடுத்ததும் 'சாப்ட்டியளா'தான். அங்க விடியக்காலையா இருந்தாலும் அதான். அது வாய்ப் பழக்கம். இவங்க சொல்றதும் அப்படித்தான். உங்களச் சொல்லல."

கோமதி தலையை ஆட்டினாள். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அப்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"சாமி பேரும் தானா வரும்னு சொல்லுதிய. இவுக தினம் காலையில திருநீறு பூசி 'சிவசிவா'ன்னு நூறு தடவ சொல்லுதவுக. அது வராம இது ஏன் வந்துச்சு?"

பாத்திமா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். என் ஆசிரியர் வாழ்க்கையில் எந்தப் பையனும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஜங்ஷன், ஜங்ஷன், ஜங்ஷன்

பாத்திமா பாட்டை வைத்துப் பேச்சை இழுத்து வருகிறவள். வலது மூளை ராகத்தைப் பிடித்துக்கொள்ளும், ராகத்தில் வார்த்தையைத் தொத்த வைத்தால் சமயத்தில் கூடவே வந்துவிடும் என்றாள். "சாருக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டு எதும் இருக்கா அம்மா?"

"இவுகளுக்குப் பாட்டா?" என்றாள் கோமதி. "தாலாட்டுப் பாடினா தூங்குத பிள்ள எந்திரிச்சு அழும்."

பாத்திமா பக்திப் பாட்டு வைத்துப் பார்த்தாள், சினிமாப் பாட்டு வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் நடுவில் நான் என் ஒரே வரியைச் சேர்த்துப் பாடினேன். இரண்டு வாரம் இப்படியே போனது.

ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே டவுன் பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, மூக்கால் இழுத்து, "ஜங்ஷன் ஜங்ஷன் ஜங்ஷஏன்!" என்றார். விசில்.

"டவுன் டவுன் டவூஉன்!" என்றேன் நான்.

நானே என் வாயைத் தொட்டுப் பார்த்தேன். முப்பது வருஷம் டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு அந்த பஸ்ஸில் போய் வந்தவன். தேவகானம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது கைகொடுக்கும். எனக்குக் கண்டக்டர் கைகொடுத்தார்.

பாத்திமா விடவில்லை. அதே இழுப்பில் 'தண்ணி தண்ணி தண்ணீஇ', 'காப்பி காப்பி காப்பீஇ' என்று ஏற்றினாள். வீட்டில் நான் தண்ணீர் கேட்டால், பஸ் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

ஒருநாள் மத்தியானம், யாரும் சொல்லிக் கொடுக்காமல், "கோமதி கோமதி கோமதீஇ" என்று வந்தது.

எங்கள் வீடுகளில் புருஷன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. 'ஏளா' என்போம், 'இந்தா' என்போம், பாதி நேரம் தொண்டையைச் செருமுவோம். அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"யாரு கூப்புட்டது?" என்றாள், வீட்டில் வேறு ஆள் இருக்கிற மாதிரி. பிறகு திரும்பிப் போய்விட்டாள். குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது. எனக்கு அழுகையாக இருந்தது, அழுதேன்.

வாய் மூடிய வாத்தியார்

எட்டு மாதத்தில் ராகம் இல்லாமலும் பேச்சு வந்தது. இப்போதும் சில பெயர்கள் மாட்டிக்கொள்ளும். தொலைபேசியில் என்னோடு பேசுகிறவர்கள் பொறுமைசாலிகள். இந்தத் தொடரைக்கூட இடது கை ஒற்றை விரலால்தான் போனில் தட்டுகிறேன். நீளமான வார்த்தைகளை நான் அதிகம் எழுதாததற்குக் காரணம் எளிமையான நடை இல்லை, சோம்பல்.

ஆனால் கோமதியின் கேள்வி கூடவே இருந்தது. அது ஏன் வந்தது?

பைய யோசித்துப் பார்த்தேன். வாய்ப் பழக்கம் என்றால், நான் எங்கே பழகினேன்? வாயைத் திறந்து ஒருவரையும் திட்டியது இல்லை என்பதுதான் ஊரில் என் பெயர். உண்மைதான், திறந்து சொன்னதில்லை. பாலத்தில் குறுக்கே வந்த பைக்குக்காரனை வாய்க்குள் சொன்னேன். முதல் பீரியடில் தலைமை ஆசிரியரைச் சொன்னேன். சிறுமூளையையும் முகுளத்தையும் மாற்றி எழுதிய ஒவ்வொரு விடைத்தாளுக்கும் சொன்னேன். நெற்றிக்குப் பின்னாலிருக்கும் அந்தக் காவல்காரன் ஒன்றையும் வெளியே விடாமல் பார்த்துக்கொண்டான், நான் நல்லவன் என்று பெயர் வாங்கினேன். 'சிவசிவா'வை நூறு தடவை சொல்லும்போது கணக்கு மட்டும்தான் மனசில் ஓடியது. இதை மட்டும் முழு மனசோடு சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் தாழ்வாரத்தில் கோமதி சொன்னதில் பாதி சரி. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே அவளிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு மத்தியானம். வாழைத்தண்டு நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே நாற்காலியில்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள், என்னைப் பார்க்காமல். "அந்த வார்த்த. என்னையவும் மனசுக்குள்ள சொல்லியிருக்கியளா?"

பொய் சொல்ல இப்போது என்னிடம் வேண்டிய அளவு வார்த்தைகள் இருந்தன. 'இல்லை' என்பது எனக்குச் சீக்கிரமே திரும்பிய வார்த்தை, கேட்டதும் நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. எட்டு மாதம் ஒரே ஒரு வரி சொல்லத் தவித்தவன் நான். அந்த வரியே பொய்யாகிவிட்டது.

"ஆமா" என்றேன்.

"நெறைய தடவயா?"

"நெறைய."

நாரை விரலிலிருந்து உருவிப் போட்டாள். அடுத்த வில்லையை எடுத்தாள். அவ்வளவுதான், இனி பழைய மௌனம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"நான் உங்கள 'கூறுகெட்ட மனுசன்'னு சொல்லுவேன்" என்றாள். "மனசுக்குள்ளதான். கல்யாணமான வருசத்துல இருந்து. தினமும் சொல்லுவேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்தத் தடவை அது வியாதி இல்லை.

"அன்னைக்கு ஆட்டோவுல" என்றாள். கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது. "உங்க தலைய மடியில வச்சிருந்தேன். கண்ணு சொருகிட்டு. சாமியக் கூப்பிடணும்னுதான் வாயத் தொறந்தேன். எந்தச் சாமி பேரும் வரல. 'கூறுகெட்ட மனுசா, கண்ணத் தொற, கூறுகெட்ட மனுசா, கண்ணத் தொற'ன்னு பாலம் தாண்டுத வரைக்கும் அதத்தான் கத்திக்கிட்டு வந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாரை மறுபடி சுற்ற ஆரம்பித்தாள்.

"சாமி பேரெல்லாம் ஆட்டோக்காரருதான் சொல்லிட்டு வந்தாரு."